சி-யில் எழுதிய லுவா மாட்யூல் மேசையில் ஓடுகிறது, ஆலையில் விழுகிறது. இதை ஆவணப்படுத்துவது எப்படி?

கம்பிமுனை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஆலைகளில் உள்ள எனர்ஜி மீட்டர்களிலிருந்து ஆர்எஸ்-485 கம்பி வழியாக, மோட்பஸ் ஆர்டியூ என்னும் தொடர்பு முறையில் அளவுகளைப் படித்து அனுப்பும் கேட்வே பெட்டி ஒன்றை எங்கள் சிறு குழு செய்து வருகிறது. பெட்டிக்குள் ஆர்ம் பிராசசரும் லினக்ஸும் உள்ளன. முதன்மை நிரல் சி-யில் எழுதப்பட்டது. அதற்குள் லுவா என்னும் ஸ்கிரிப்ட் மொழியின் 5.4.2 இன்டர்பிரட்டரை மூல நிரலிலிருந்தே கம்பைல் செய்து பதித்திருக்கிறோம். ஆலைக்கு ஆலை மீட்டரும், அது அளவுகளை வைத்திருக்கும் ரெஜிஸ்டர்களின் வரிசையும் மாறும் என்பதால், எதை எந்த இடைவெளியில் படிக்க வேண்டும் என்பதைக் களப் பொறியாளர்களே சிறு லுவா ஸ்கிரிப்ட்டாக எழுதிக்கொள்கிறார்கள். அவர்கள் பயன்படுத்துவதற்காக ‘மீட்டர்’ என்னும் மாட்யூலை நான் சி-யில் எழுதினேன். இதற்கு முன் லுவாவுக்கு மாட்யூல் எழுதிய அனுபவம் எனக்கு இல்லை.

மாட்யூலைத் தனிப் பகிர்வு லைப்ரரியாக, அதாவது ‘எஸ்ஓ’ கோப்பாக, கம்பைல் செய்து ரெக்வயர் மூலம் ஏற்றியபோது முதலில் ‘அன்டிஃபைன்ட் சிம்பல்’ என்ற பிழை வந்தது. டிஸ்ட்ரிபியூஷனில் கிடைத்த லுவா 5.4.6 நிலை லைப்ரரியை மாட்யூலோடு சேர்த்து லிங்க் செய்ததும் அந்தப் பிழை போய்விட்டது. என் மேசையில் இருக்கும் ஒற்றை ஃபேஸ் மீட்டரில் 10 ரெஜிஸ்டர்களைப் படிக்கும் ஸ்கிரிப்ட் ஒரு வாரம் நிற்காமல் ஓடியது. ஆலையில் மூன்று ஃபேஸ் மீட்டரை இணைத்து 60 ரெஜிஸ்டர்களைப் படித்தால், சில நேரம் பத்து நிமிடத்தில், சில நேரம் ஐந்து மணி நேரத்தில், முதன்மை நிரலே செக்மென்டேஷன் ஃபால்ட் (நினைவக மீறல்) ஆகி விழுகிறது. விழும் நொடியின் நினைவகம் பதிவாகும் கோர் கோப்பைத் திறந்து பார்த்தால் விழும் இடம் ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கிறது. பெரும்பாலும், பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் குப்பை சேகரிப்பானுக்குள், என் நிரலுக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் தோன்றும் ஏதோ ஒரு வரியில் நிற்கிறது.

மாட்யூலின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஓபன்’ ஃபங்ஷன் மால்லாக் மூலம் ஒரு ஸ்ட்ரக்சரை எடுத்து, சீரியல் போர்ட்டைத் திறந்து, அதன் பிறகு பாட் வேகம் எண்தானா என்று லுவாஎல்_செக்இன்டிஜர் கொண்டு சோதித்து, ஸ்ட்ரக்சரின் சுட்டியை யூசர்டேட்டாவில் (சி-யின் தரவை லுவாவிடம் கொடுப்பதற்கான பொருள்) வைத்துத் தருகிறது. ‘ரீட்’ ஃபங்ஷன் தொடக்க முகவரியையும் எண்ணிக்கையையும் வாங்கிக்கொண்டு, மீட்டரைக் கேட்டு, சிஆர்சி என்னும் பிழைகாண் எண்ணைச் சரிபார்த்து, ஒவ்வொரு ரெஜிஸ்டரின் மதிப்பையும் லுவா_புஷ்இன்டிஜர் கொண்டு வரிசையாக, லுவாவும் சி-யும் மதிப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் அடுக்கில் தள்ளி, எத்தனை தள்ளியதோ அந்த எண்ணைத் திருப்புகிறது.

இன்னொரு கேள்வியும் உண்டு. இந்த மாட்யூலுக்கு 14 பக்க வேர்ட் கோப்பு ஒன்றை எழுதிக் கொடுத்தேன். இரண்டே மாதத்தில் மூன்று ஃபங்ஷன்கள் மாறிவிட்டன, கோப்பு மாறவில்லை. இப்போது பொறியாளர்கள் கோப்பைத் திறப்பதே இல்லை, நேராக என்னைத் தொலைபேசியில் அழைக்கிறார்கள். இத்தகைய மாட்யூலுக்கு ஆவணத்தை எங்கே, எந்தக் கருவி கொண்டு, என்னென்ன சேர்த்து எழுதுவது முறை?

ஆணிவேர்

லிங்க் விஷயத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். ‘அன்டிஃபைன்ட் சிம்பல்’ என்று வந்ததும் லுவா லைப்ரரியை மாட்யூலுக்குள்ளும் திணித்துவிடுவது, இந்த வேலையில் இறங்கும் பலரும் ஒருமுறையாவது செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன். அதன் விளைவாக உங்கள் பிராசஸுக்குள் இப்போது இரண்டு லுவாக்கள் இருக்கின்றன. முதன்மை நிரலில் உள்ள 5.4.2 உருவாக்கிய லுவா_ஸ்டேட்டை (இன்டர்பிரட்டரின் நிலையை வைத்திருக்கும் ஸ்ட்ரக்சர்), மாட்யூலுக்குள் உட்கார்ந்திருக்கும் 5.4.6-இன் நிரல் தனதென்று நினைத்துத் திருத்துகிறது. இரண்டும் ஒரே வெளியீடாக, ஒரே கம்பைல் விருப்பங்களோடு இருந்திருந்தால் ஒருவேளை பிழைத்துப்போயிருக்கும். உங்கள் நிலைமை அப்படி இல்லை: தானாக மூடப்படும் மாறிகளின் பட்டியலை 5.4.3-இல் வேறு விதமாக எழுதினார்கள், அதற்காக லுவா_ஸ்டேட்டின் உள்ளமைப்பிலேயே ஒரு புலம் சேர்ந்தது. எனவே உங்கள் இரண்டு பிரதிகளும் ஒரே நினைவகப் பகுதியை இரண்டு வெவ்வேறு வரைபடங்களை வைத்துக்கொண்டு வாசிக்கின்றன.

இதை லுவாவே கண்டுபிடித்துச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்கலாம். லுவாஎல்_நியூலிப் என்னும் மேக்ரோ உண்மையில் ஒரு பதிப்புச் சோதனையைச் செய்கிறது. ஆனால் அந்தச் சோதனை பார்ப்பது 504 என்ற எண்ணையும், முழு எண், பின்ன எண் ஆகியவற்றின் பைட் அளவையும் மட்டுமே, 5.4.0 முதல் எல்லா 5.4 வெளியீடுகளுக்கும் அந்த எண் ஒன்றுதான். 5.2-இலும் 5.3-இலும் ஒரே பிராசஸில் இரண்டு பிரதிகள் இருந்தால் ‘மல்டிபிள் லுவா விஎம்ஸ் டிடெக்டட்’ என்று நேரடியாகவே சொல்லிவிடும். 5.4-இல் அந்தச் சோதனையை எடுத்துவிட்டார்கள்.

சரியான வழி, மாட்யூலோடு லுவாவை லிங்க் செய்யாமல் விட்டுவிட்டு, முதன்மை நிரலை லிங்க் செய்யும்போது லிங்க்கருக்கு ‘எக்ஸ்போர்ட்-டைனமிக்’ என்னும் விருப்பத்தைக் கொடுத்து, அதிலுள்ள லுவா பெயர்களை மாட்யூலுக்குத் தெரியச் செய்வது. லுவாவின் சொந்த மேக் கோப்பு லினக்ஸுக்கு இதைத்தான் செய்கிறது. ஒரே மாட்யூல் லுவா கட்டளையிலிருந்து ஏற்றினால் ஓடி, நாம் எழுதிய நிரலிலிருந்து ஏற்றினால் சிம்பல் இல்லை என்று நிற்பதன் ரகசியம் அவ்வளவுதான். மாற்றிய பிறகு மாட்யூல் கோப்பைச் சிம்பல்களைப் பட்டியலிடும் என்எம் கருவி கொண்டு பாருங்கள். லுவா_ என்று தொடங்கும் பெயர்கள் அனைத்தும் வரையறுக்கப்படாதவையாகக் காட்டப்பட வேண்டும். அவற்றுக்கு முகவரி தெரிந்தால் உள்ளே இன்னும் ஒரு பிரதி இருக்கிறது என்று பொருள்.

இருந்தாலும், உங்கள் பெட்டிக்குத் தனி எஸ்ஓ கோப்பு எதற்கு என்பது எனக்குப் புரியவில்லை. ஒரே நிறுவனம் ஒரே ஃபர்ம்வேராக வெளியிடும் சாதனத்தில், மாட்யூலை முதன்மை நிரலோடு சேர்த்தே கம்பைல் செய்துவிட்டு, அதன் திறப்பு ஃபங்ஷனைப் பேக்கேஜ்.ப்ரீலோட் அட்டவணையில் பதிவு செய்துவிடலாம். ரெக்வயர் முதலில் தேடும் இடமே அதுதான்; கோப்புப் பாதைகளை அதன் பிறகுதான் பார்க்கும். களப் பொறியாளரின் ஸ்கிரிப்ட்டில் ஒரு எழுத்தும் மாறாது. ஃபர்ம்வேர் ஒரு பதிப்பு, மாட்யூல் வேறு பதிப்பு என்று களத்தில் கலந்துபோகும் வாய்ப்பும் இருக்காது.

பெயர் வைப்பதில் ஒரு சிறு எச்சரிக்கை. திறப்பு ஃபங்ஷனின் பெயர் லுவாஓபன்_ என்று தொடங்கி, மாட்யூல் பெயரில் உள்ள புள்ளிகளுக்குப் பதில் அடிக்கோடுகளுடன் இருக்க வேண்டும். மாட்யூல் பெயரில் இணைப்புக்கோடு இருந்தால், அந்தக் கோட்டையும் அதற்குப் பின் வருவதையும் லுவா விட்டுவிடும். 5.1-இல் இது நேரெதிர்: அங்கே கோட்டுக்கு முன்னால் இருப்பதை விட்டுவிடும். பழைய வலைப்பக்கங்களைப் பார்த்துப் பெயர் வைப்பவர்கள் இங்கே தடுமாறுவார்கள்.

நடுச்சாமம்

ஆணிவேர் எழுதியதை அப்படியே ஏற்கிறேன். அந்த இரட்டைப் பிரதியை முதலில் அகற்றுங்கள். ஆனால் அதை அகற்றிய பிறகும் உங்கள் நிரல் ஆலையில் விழும் என்றே நினைக்கிறேன். 10 ரெஜிஸ்டரில் ஓடி 60-இல் விழுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விடை அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது.

லுவா ஒரு சி ஃபங்ஷனை அழைக்கும்போது, அதற்குக் கொடுக்கப்பட்ட ஆர்கியுமென்ட்கள் போக, அடுக்கில் 20 இடங்களுக்கு மட்டுமே உத்தரவாதம் தருகிறது. அந்த எண்ணுக்கு லுவா_மின்ஸ்டாக் என்று பெயர். அதற்கு மேல் தள்ள வேண்டுமானால் லுவாஎல்_செக்ஸ்டாக் கொண்டு இடம் கேட்டு வாங்கிக்கொள்வது ஃபங்ஷனை எழுதியவரின் பொறுப்பு. புஷ் ஃபங்ஷன்கள் எதுவும் இடம் இருக்கிறதா என்று சோதிப்பதில்லை. வேகத்துக்காக வேண்டுமென்றே அப்படி எழுதப்பட்டவை அவை. நீங்கள் 60 மதிப்புகளைத் தள்ளுகிறீர்கள். இருபத்தொன்றாவது மதிப்பிலிருந்து நீங்கள் எழுதுவதெல்லாம் உங்களுக்கு உரிமையில்லாத இடம். அதற்கு முன் வேறு ஏதோ ஆழமான அழைப்பால் அடுக்கு பெரிதாகியிருந்தால் எழுதியது அந்த மிச்ச இடத்திலேயே அடங்கிவிடும், ஒன்றும் ஆகாது; அடுக்கு சிறிதாக இருந்தால் பக்கத்தில் இருக்கும் யாருடைய நினைவகத்தின் மேலோ எழுதிவிடுவீர்கள். அந்த மற்றொருவரை அடுத்த முறை குப்பை சேகரிப்பான் தொடும்போது நிரல் விழும். பத்து நிமிடமா ஐந்து மணி நேரமா என்பது அதைப் பொறுத்தது, விழும் இடம் மாறிக்கொண்டே இருப்பதும் அதனால்தான்.

என் பேச்சை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். லுவாவின் மூல நிரலை லுவா_யூஸ்_ஏபிஐசெக் என்னும் மேக்ரோவை வரையறுத்து மறுபடி கம்பைல் செய்யுங்கள். அப்போது ஒவ்வொரு புஷ்ஷும் எல்லையைச் சோதிக்கும், மீறிய வரியிலேயே நிரல் நின்றுவிடும். புதிதாக மாட்யூல் எழுதும் எவரும் முதல் நாளிலிருந்தே சோதனைப் பதிப்பை இந்த மேக்ரோவோடுதான் வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

திருத்தம் இரண்டு விதமாகச் செய்யலாம். லுவாஎல்_செக்ஸ்டாக் ஒரு வரி சேர்த்தாலே விழுவது நின்றுவிடும். ஆனால் 60 மதிப்புகளைத் தனித்தனியாகத் திருப்பும் ஃபங்ஷனை ஸ்கிரிப்ட் எழுதுபவர் எப்படி வாங்கிக்கொள்வார்? எப்படியும் சுருள் அடைப்புக்குறிக்குள் போட்டு அட்டவணையாகத்தான் ஆக்கிக்கொள்வார். அந்த அட்டவணையை நீங்களே லுவா_கிரியேட்டேபிள் கொண்டு உருவாக்கி, லுவா_ராசெட்ஐ மூலம் நிரப்பித் திருப்பிவிட்டால், எத்தனை ரெஜிஸ்டர் ஆனாலும் அடுக்கில் இரண்டு இடத்துக்கு மேல் தேவைப்படாது.

உங்கள் ‘ஓபன்’ ஃபங்ஷனிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. லுவாஎல்_செக்இன்டிஜர் தோல்வி அடைந்தால் அது உங்களிடம் திரும்பி வராது. சி-யாகக் கம்பைல் செய்த லுவாவில் பிழை என்பது லாங்ஜம்ப். பிழையைப் பிடிப்பதற்காக அழைத்தவர் வைத்த பிகால் வரை ஒரே தாவல். நடுவில் நீங்கள் மால்லாக் செய்த ஸ்ட்ரக்சரும் திறந்து வைத்த போர்ட்டும் அநாதையாக நிற்கும். பாட் வேகத்தின் இடத்தில் தவறுதலாக ஒரு சொல்லைக் கொடுத்துப் பொறியாளர் பத்து முறை முயன்றால், பத்து கோப்பு விவரிப்பான்கள் (திறந்த போர்ட்டுக்கு லினக்ஸ் தரும் எண்கள்) திறந்தபடியே கிடக்கும். எனவே வரிசையை மாற்றுங்கள். முதலில் எல்லா ஆர்கியுமென்ட்களையும் சோதியுங்கள். அடுத்து லுவா_நியூயூசர்டேட்டாயூவி கொண்டு ஸ்ட்ரக்சரை லுவாவின் நினைவகத்திலேயே எடுங்கள், மால்லாக் வேண்டாம். அதில் விவரிப்பானின் மதிப்பை −1 என்று வைத்து மெட்டாடேபிளை (பொருளின் நடத்தையைச் சொல்லும் அட்டவணை) பொருத்துங்கள். எல்லாம் முடிந்த பிறகே போர்ட்டைத் திறந்து, கிடைத்த எண்ணை உள்ளே வையுங்கள். இந்த நொடியிலிருந்து எங்கே பிழை நேர்ந்தாலும், பொருள் குப்பையாகும்போது ஓடும் ஜிசி மெட்டாமெத்தட் வந்து மூடிவிடும்.

அந்த ஜிசி மெட்டாமெத்தட்டை மட்டுமே நம்பியும் இருக்க வேண்டாம். குப்பை சேகரிப்பானுக்கு உங்கள் யூசர்டேட்டா சில பைட் உள்ள ஒரு சிறு பொருள். அதன் பின்னால் ஒரு சீரியல் போர்ட் பூட்டப்பட்டுக் கிடக்கிறது என்பது அதற்குத் தெரியாது, எனவே அவசரப்படாது. ‘குளோஸ்’ என்னும் வெளிப்படையான ஃபங்ஷனைக் கொடுங்கள், அதையே குளோஸ் மெட்டாமெத்தட்டாகவும் வையுங்கள். 5.4-இல் லோக்கல் மாறியைக் குளோஸ் குறிப்புடன் அறிவித்தால், பிளாக் முடியும்போதோ நடுவில் பிழை எழுந்தாலோ போர்ட் தானாக மூடப்படும். ஒரே இணைப்பை இரண்டு முறை மூடினாலும் இரண்டாவது முறை அமைதியாகத் திரும்பிவிட வேண்டும்.

கம்பிமுனை

இருவருக்கும் மிக்க நன்றி. முதலில் மாட்யூலை முதன்மை நிரலோடு சேர்த்தே கம்பைல் செய்து ப்ரீலோடில் பதிவு செய்தேன். ஆலையில் இருந்த பெட்டிக்கு அதை அனுப்பினோம். மறுநாள் காலையில் மீண்டும் விழுந்திருந்தது. பிறகு லுவா_யூஸ்_ஏபிஐசெக் வரையறுத்து, மேசையிலேயே ஒரு சிமுலேட்டரிடம் 60 ரெஜிஸ்டர் கேட்டேன். முதல் அழைப்பிலேயே ‘ஸ்டாக் ஓவர்ஃப்ளோ’ என்று நின்றது. டீபக்கரில் பார்த்தபோது லூப்பின் மாறி சரியாக 20-இல் இருந்தது. பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் அதுதான் இருபத்தொன்றாவது மதிப்பு. மூன்று வாரம் தேடிய பிழை அது. இப்போது அட்டவணையாகத் திருப்புகிறேன், ‘ஓபன்’ ஃபங்ஷனின் வரிசையையும் மாற்றிவிட்டேன், நான்கு நாட்களாக விழவில்லை. ஆவணம் பற்றியும் யாரேனும் வழிகாட்டினால் நன்றாக இருக்கும்.

குறிப்பேடு

ஆவணம் எதில் எழுதுவது என்பதைவிட எதை எழுதுவது என்பதுதான் இங்கே கடினம் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். முதலில் ஒன்று செய்யுங்கள்: கடந்த இரண்டு மாதத்தில் பொறியாளர்கள் உங்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் 14 பக்கத்தில் இல்லாதவை அவைதான்.

மோட்பஸ் வேலையில் அந்தத் தாளில் என்ன இருக்கும் என்பதை ஓரளவு என்னால் ஊகிக்க முடிகிறது. மீட்டரின் கையேட்டில் 40001 என்று அச்சாகியிருக்கும் ரெஜிஸ்டர், கம்பியில் போகும்போது முகவரி 0. நீங்கள் அதை லுவா அட்டவணையில் திருப்பும்போது அதே மதிப்பு வரிசை எண் 1-இல் உட்காரும். ஒரே ரெஜிஸ்டருக்கு மூன்று எண்கள். உங்கள் ‘ரீட்’ ஃபங்ஷன் இவற்றில் எதைக் கேட்கிறது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லாத ஆவணம், பக்கத்து ரெஜிஸ்டரின் வோல்டேஜை ஆம்பியர் என்று பதிவு செய்ய வைத்துவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. அடுத்தது 32 பிட் பின்ன எண்கள். அவை இரண்டு ரெஜிஸ்டர்களில் பிரிந்து வரும். ஒரு ரெஜிஸ்டருக்குள் உயர் பைட் முதலில் வரும் என்பது மோட்பஸ் வரையறையில் உறுதியாக உண்டு. இரண்டு ரெஜிஸ்டர்களில் எது முதலில் என்பதை ஒவ்வொரு மீட்டர் தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் மாட்யூல் இதில் தலையிடுகிறதா, ஸ்கிரிப்ட்டிடமே விட்டுவிடுகிறதா என்பது எழுதப்பட வேண்டும்.

சி மாட்யூலுக்கே உரிய இன்னொரு பகுதி பிழை நடத்தை. லுவாவின் கையேட்டையே மாதிரியாகக் கொள்ளுங்கள். அதில் சி ஏபிஐயின் ஒவ்வொரு ஃபங்ஷன் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சதுர அடைப்புக்குறிக்குள் மூன்று புலங்கள் இருக்கும்: அடுக்கிலிருந்து எத்தனை எடுக்கிறது, எத்தனை வைக்கிறது, பிழை எழுப்பக்கூடுமா. மூன்றாவது புலத்தில் கோடு இருந்தால் பிழையே எழாது, ‘எம்’ இருந்தால் நினைவகம் தீர்ந்தால் மட்டும் எழும், ‘ஈ’ இருந்தால் எதுவும் நேரலாம். ஒரு விரல் அகலத்தில் எத்தனை செய்தி பாருங்கள். இந்தக் குறியீட்டைப் படிக்கத் தெரிந்த பிறகுதான் நான் லுவா ஏபிஐயைப் பயமில்லாமல் பயன்படுத்தத் தொடங்கினேன்.

உங்கள் வாசகருக்கு அடுக்குக் கணக்கு தேவையில்லை. பிழைக் கணக்கு கட்டாயம் தேவை. லுவாவின் ஐஓ லைப்ரரி பின்பற்றும் மரபையே நீங்களும் பின்பற்றுங்கள். ஸ்கிரிப்ட் எழுதியவரின் தவறு, உதாரணமாக எண்ணிக்கையாக ஒரு சொல்லைக் கொடுப்பது, பிழையாக எழ வேண்டும். உலகத்தின் தவறு, அதாவது மீட்டர் பதில் தராதது, சிஆர்சி பொருந்தாதது போன்றவை, நில் (லுவாவில் ‘மதிப்பில்லை’ என்பதைக் குறிப்பது), செய்தி, குறியீட்டு எண் என்று மூன்று மதிப்புகளாகத் திரும்ப வேண்டும். எது எந்த வகை என்பதை ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் எழுதுங்கள். இதை எழுத உட்காரும்போதே நிரலில் நான்கு முரண்களைக் கண்டுபிடிப்பீர்கள்.

இனி எங்கே எழுதுவது என்பது. பைத்தானின் சி மாட்யூல்களில் பைமெத்தட்டெஃப் என்னும் ஸ்ட்ரக்சருக்கு நான்கு புலங்கள் உண்டு, நான்காவது விளக்கவுரைக்கானது. லுவாவின் லுவாஎல்_ரெக் ஸ்ட்ரக்சருக்குப் பெயர், ஃபங்ஷன் என இரண்டே புலங்கள். லுவாவில் ஃபங்ஷனோடு ஒட்டிய விளக்கம் என்ற ஒன்றே கிடையாது. எனவே பலரும், கருத்துரைகளிலிருந்து ஆவணம் உருவாக்கும் எல்டாக் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். அது சி கோப்புகளையும் படிக்கும். மூன்று சாய்கோடுகளில் தொடங்கும் கருத்துரையை ஃபங்ஷனுக்கு மேலேயே எழுதி, லுவாவில் தெரியும் பெயரை அதற்குரிய குறியால் சொல்லிவிட்டால் எச்டிஎம்எல் பக்கங்கள் தயாராகிவிடும். பொறியாளர்கள் விஎஸ் கோடில் ஸ்கிரிப்ட் எழுதுபவர்களாக இருந்தால், லுவா லாங்வேஜ் சர்வருக்கான வரையறைக் கோப்பு ஒன்றையும் கொடுங்கள். தட்டச்சு செய்யும்போதே ஆர்கியுமென்ட் வகையும் விளக்கமும் கண்முன் தோன்றும் என்பதால் தொலைபேசியைவிட அது வேகமாக வேலை செய்யும்.

ஆனால் ஆலைக்குள் சீரியல் கன்சோலில் நின்றுகொண்டு, இணையமும் இல்லாமல் வேலை செய்பவருக்கு இவை இரண்டும் உதவாது. நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில் இதற்காக ஒரு வழி செய்தோம். லுவாஎல்_ரெக்குக்குப் பதிலாக, பெயர், ஃபங்ஷன், அழைக்கும் முறை, விளக்கம் என நான்கு புலங்கள் கொண்ட சொந்த ஸ்ட்ரக்சர் ஒன்றை வரையறுத்தோம். திறப்பு ஃபங்ஷன் அந்த அட்டவணையில் ஒரு லூப் ஓடி ஃபங்ஷன்களைப் பதிவு செய்யும். ‘ஹெல்ப்’ என்னும் ஃபங்ஷன் அதே அட்டவணையிலிருந்து விளக்கத்தை அச்சிடும். புதிய ஃபங்ஷனைச் சேர்ப்பவர் விளக்கப் புலத்தை வெறுமையாக விட்டால் சோதனை தோல்வி அடையும்படி வைத்தோம். விளக்கங்கள் மாறிலிகளாக ஃபிளாஷில் கிடப்பதால் ராம் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாமல் இருந்தது. லுவாவுக்குச் சரம் என்பது வெறும் பைட் வரிசை என்பதால் விளக்கத்தைத் தமிழிலேயே எழுதினாலும் அப்படியே அச்சிடும். கன்சோல் தமிழ் எழுத்துருவைக் காட்டுமா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டுகளை, உங்களிடம் இருக்கும் அந்தச் சிமுலேட்டரின் மேல், ஒவ்வொரு முறை பில்ட் ஆகும்போதும் ஓட விடுங்கள். வேர்ட் கோப்பில் இதைச் செய்ய முடியாது. அந்தக் கோப்பைக் கைவிடுவதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

வரிக்குவரி

எல்லோரும் நல்ல சி நிரல் எழுதுவது எப்படி என்று சொல்லிவிட்டார்கள். இதில் எவ்வளவு சி-யில் இருந்தே ஆக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

வேகத்துக்காகச் சி என்று நினைத்திருந்தால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 ரெஜிஸ்டர்களுக்கான பதில் 125 பைட். 9600 பாட் வேகத்தில், ஒரு பைட்டுக்கு 11 பிட் வீதம், அது கம்பியில் வந்து சேரவே ஏறக்குறைய 143 மில்லிவினாடி ஆகிறது. அந்த 125 பைட்டுக்குச் சிஆர்சி போடுவது என்பது பைட்டுக்கு எட்டு வீதம் ஆயிரம் சுற்றுகள். 5.3 முதல் லுவாவில் பிட் செயற்குறிகள் மொழியிலேயே உள்ளன. தொடக்க மதிப்பு 65535, எக்ஸ்ஆர் செய்ய வேண்டிய எண் 40961, பத்து வரியில் எழுதிவிடலாம். கம்பியின் வேகத்தோடு ஒப்பிட்டால் அது ஆகும் நேரம் கணக்கிலேயே வராது. ரெஜிஸ்டர்களைப் பிரித்தெடுக்க ஸ்ட்ரிங்.அன்பேக் இருக்கிறது, பைட் வரிசையையும் பின்ன எண்ணையும் அது நேரடியாகவே புரிந்துகொள்ளும். மேலே சொன்ன ரெஜிஸ்டர் வரிசைக் குழப்பத்தைக்கூட ஸ்கிரிப்ட் பக்கத்திலேயே தீர்த்துவிடலாம்.

சி-யில் இருந்தே ஆக வேண்டியவை போர்ட்டைத் திறப்பது, எழுதுவது, நேர வரம்போடு படிப்பது, மூடுவது ஆகியவைதான். இரண்டு ஃபிரேம்களுக்கு (கம்பியில் செல்லும் செய்திகளுக்கு) நடுவே மூன்றரை எழுத்து நேரம், அதாவது 9600-இல் சுமார் 4 மில்லிவினாடி, கம்பி அமைதியாக இருக்க வேண்டும் என்ற விதியையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம். நான்கே ஃபங்ஷன்கள். அடுக்கு நிரம்பி வழிய அதில் வாய்ப்பும் குறைவு, ஆவணமும் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். மோட்பஸ் பகுதி லுவா கோப்பாக இருந்தால், சந்தேகம் வந்த பொறியாளர் அதைத் திறந்து தாமே படித்துக்கொள்வார்.

கம்பிமுனை

வரிக்குவரி சொன்னதை அடுத்த வெளியீட்டில் செய்வதாக முடிவெடுத்திருக்கிறோம். இப்போது ஆலைகளில் உள்ள ஸ்கிரிப்ட்கள் அனைத்தும் பழைய பெயர்களை அழைக்கின்றன என்பதால் உடனே மாற்ற முடியவில்லை. அதுவரை குறிப்பேடு சொன்ன நான்கு புல அட்டவணையைச் சேர்த்துவிட்டேன். ‘ரீட்’ ஃபங்ஷனுக்கு எழுதிய விளக்கம் இது. குறை இருந்தால் சொல்லுங்கள்:

> இணைப்பு:ரீட்(தொடக்கம், எண்ணிக்கை). மோட்பஸ் ஃபங்ஷன் 03 கொண்டு ஹோல்டிங் ரெஜிஸ்டர்களைப் படிக்கிறது. தொடக்கம் என்பது கம்பியில் செல்லும் முகவரி. கையேட்டில் 40001 என்று இருந்தால் இங்கே 0 என்று கொடுக்க வேண்டும். எண்ணிக்கை 1 முதல் 125 வரை இருக்கலாம். வெற்றி பெற்றால் ஓர் அட்டவணையைத் திருப்பும்; அதன் முதல் உறுப்பின் வரிசை எண் 1. ஒவ்வோர் உறுப்பும் 0 முதல் 65535 வரையான முழு எண். குறியுள்ள எண்ணாகவோ பின்ன எண்ணாகவோ மாற்றுவது ஸ்கிரிப்ட்டின் பொறுப்பு. மீட்டர் நேர வரம்புக்குள் பதில் தராவிட்டாலும், சிஆர்சி பொருந்தாவிட்டாலும், மீட்டர் மறுத்தாலும் நில், செய்தி, எண் ஆகிய மூன்றும் திரும்பும். மீட்டர் மறுத்திருந்தால் அந்த எண் மோட்பஸ் எக்ஸப்ஷன் எண்ணாக இருக்கும், உதாரணமாக இல்லாத முகவரியைக் கேட்டால் 2. ஆர்கியுமென்ட் வகை தவறாக இருந்தாலும் எண்ணிக்கை வரம்பை மீறினாலும் பிழை எழும். பதில் வரும் வரை ஸ்கிரிப்ட் காத்திருக்கும். வேறு எதுவும் ஓடாது.

நடுச்சாமம்

நன்றாக இருக்கிறது, கடைசி வாக்கியத்தை எழுதத் தோன்றியதற்குத் தனியாகப் பாராட்டு. ஒன்று விடுபட்டிருக்கிறது. மூடப்பட்ட இணைப்பின் மேல் ‘ரீட்’ அழைத்தால் என்ன ஆகும்? லுவாஎல்_செக்யூடேட்டா பார்ப்பது வகையை மட்டுமே, மூடிய இணைப்பும் அதே வகைதான் என்பதால் அதை உள்ளே விட்டுவிடும். விவரிப்பான் −1 ஆக இருக்கிறதா என்று நீங்கள்தான் சோதித்துப் பிழை எழுப்ப வேண்டும். நிரலில் அந்தச் சோதனை இருக்கிறதா?

கம்பிமுனை

இல்லை. நிரலிலும் இல்லை, விளக்கத்திலும் இல்லை. இப்போது இரண்டிலும் சேர்த்துவிட்டேன்.